அம்ஹாரிக்கும் வொலாய்த்தாவும்: கேள்வி பதில்

கேள்வி: தென் எத்தியோப்பியாவின் சோடோ நகருக்கு ஆசிரியப் பணிக்காகச் செல்கிறேன். எந்தச் சொற்களை முதலில் கற்கலாம்?

பதில்: நலம் விசாரிப்பதை. எத்தியோப்பியாவில் அலுவல் மொழியான அம்ஹாரிக்கில் ஆணிடம் ‘இந்தேத் நெஹ்’, பெண்ணிடம் ‘இந்தேத் நெஷ்’, பெரியவரிடம் ‘இந்தேத் நெவொத்’. மரியாதை வடிவம் நமக்குப் பழகியதே. முன்னிலையில் ஆண்பால், பெண்பால் பிரிப்பதுதான் புதிது. கடைவீதியில் ‘சிந்த் நெவ்’ என்று விலை கேளுங்கள்.

கேள்வி: சொற்களைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். புழு, வெற்றி, சண்டை ஆகிய மூன்றுக்குமான அம்ஹாரிக் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘தில்’ என்றே அமையும். அங்கோ முதலாவது வல்லொலி, இரண்டாவது ‘பந்து’ என்பதில் வரும் மெல்லிய தகரம், மூன்றாவது தொண்டையை அடைத்து வெடிப்போடு விடும் ஒலி. ஆனால் ‘அலெ’ என்றால் சொன்னான், ‘அல்லெ’ என்றால் இருக்கிறான் என்ற இரட்டிப்பு வேறுபாட்டை நம் எழுத்து காட்டும், அவர்களுடைய ஃபிதெல் எழுத்து காட்டாது. ஆகவே ஃபிதெலிலேயே எழுதி, இரட்டிக்கும் எழுத்தின் மேல் மட்டும் ஒரு புள்ளி வையுங்கள்.

கேள்வி: அம்ஹாரிக் போதாதா? சோடோ மக்கள் பேசும் வொலாய்த்தா அதன் வட்டார வழக்குதானே?

பதில்: அல்ல. இரண்டும் வெவ்வேறு மொழிக் குழுக்களைச் சேர்ந்தவை: அம்ஹாரிக், அரபு போன்ற செமித்திய மொழி, வொலாய்த்தா ஓமோட்டிக் மொழி. தண்ணீர் முன்னதில் ‘வுஹா’, பின்னதில் ‘ஹாத்தா’. அலுவலகத்தில் அம்ஹாரிக் போதும். மாணவரின் பாட்டியிடம் ‘சாரோ’ என்று வணங்கினால்தான் அவர் உங்களை வீட்டுக்குள் அழைப்பார்.

கேள்வி: வொலாய்த்தா, காமோ, கோஃபா, தாவ்ரோ ஆகிய நான்கு மொழிகளும் ஏறத்தாழ ஒன்றுதான். பொதுவான ஒரு வடிவத்தைக் கற்பதே சிக்கனம் அல்லவா?

பதில்: இதைக் கடுமையாக மறுக்கிறேன். நான்கும் நெருங்கிய உறவுடையவை என்பது உண்மை. அந்த உறவை நம்பியே அரசு நான்கையும் கலந்து ‘வொகாகோதா’ என்ற பெயரில் பாடநூல் கொண்டுவந்தது. 1999இல் சோடோவில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர், உயிர்கள் பலியாயின, நூல்கள் திரும்பப் பெறப்பட்டன. தம் பிள்ளைகள் தம் மொழியிலேயே படிக்க வேண்டும் என்று அத்தனை விலை கொடுத்தவர்களிடம் போய்ச் சிக்கனம் பேசாதீர்கள். அவர்கள் பேசுவதை அவர்கள் பேசும்படியே கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நூறு சொற்களைத் தமிழில் எழுதி அனுப்புவீர்களா?

பதில்: முடியாது. இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஒரோமோ இலக்கணம்?

பதில்: அது என் துறையன்று, அம்மொழி பேசுவோரிடம் கேளுங்கள்.

கேள்வி: பள்ளி ‘ஹுலெத் சஆத்’, அதாவது 2 மணிக்கு என்கிறார்கள். பிற்பகலா?

பதில்: காலை 8 மணி. அங்கே காலை 6 மணியிலிருந்தே நேரத்தை எண்ணுகிறார்கள். பேருந்துக்கும் மருத்துவருக்கும் நேரம் குறிக்கும்போது எந்தக் கணக்கு என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.