அரிசிப் பசைக் கோட்டில் நீலம் ஏறுவது ஏன்?

கேள்வி: சாயம் ஏறாமலிருக்கக் கூம்பிலிருந்து பசைக்கோடு இழுக்கும் ஜப்பானிய ட்சுட்சுகாகி முறையில், நான் வரைந்த நாரையைப் பருத்தித் துணியில் அரிசிப் பசையால் கோடிழுத்து, அவுரித் தொட்டியில் முக்கினேன். வெள்ளையாக நிற்க வேண்டிய கோடெல்லாம் நீலம். நாரையின் தலைக்குச் செங்காவி தீட்டவும் ஆசை. எப்படி?

பதில்: துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கோடே தெரியாமல் நீலமாக இருந்தால், பசை மேலோடு நின்றுவிட்டது, சாயம் முதுகு வழியாக வந்திருக்கிறது. துணியின் ஆலைக் கஞ்சியை வெந்நீரில் முதலிலேயே போக்குங்கள். கோடு போட்ட கையோடு பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்தால் பசை நூலுக்குள் இறங்கும். கனமான துணியென்றால் இருபக்கமும் பசை வேண்டும். கோட்டுக்குள் முடியிழை போல நீலக் கீறல் மட்டும் இருந்தால் கதை வேறு: பசை காய்ந்து வெடித்திருக்கிறது, உப்பு போதவில்லை.

பசைக்கு ஒட்டரிசி மாவு 1 கப், சலித்த நைசான தவிடு 1½ கப். கெட்டியாகப் பிசைந்து உளுந்து வடை போல ஓட்டையிட்டு, ஒரு மணி நேரம் ஆவியில் வேகவிடுங்கள். ஓட்டை அழகுக்கல்ல, நடு வேகாத பசை தொட்டியில் கரைந்துபோகும். சூட்டோடு இடித்து, வெந்நீரில் கரைத்த உப்பு 2 மேசைக்கரண்டி சேருங்கள். அடுத்து சுண்ணாம்புத் தெளிநீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். பசையின் பழுப்பு நிறம் மஞ்சளாக மாறியதும் நிறுத்துங்கள். மழைக்காலத்தில் உப்பைக் குறைக்காவிட்டால் பசை காயவே காயாது. பதம், மருதாணி கோனிலிருந்து இழுத்த கோடு பரவாமல் நிற்பது.

செங்காவியைத் தொட்டிக்கு முன்பே தீட்டிவிட வேண்டும். இரவு ஊறிய சோயாவை அரைத்து வடிகட்டிய பச்சைப்பாலைத் துணியில் பூசிக் காயவிடுங்கள். அதே பாலில் காவியைக் குழைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை தீட்டுங்கள். ஒரே தடவையில் அப்பினால் கையில் உதிரும். பாலைக் காய்ச்சக் கூடாது, மறுநாளைக்கும் வைக்காதீர்கள். காய்ந்ததும் தீட்டிய இடம் முழுவதையும் பசையால் மூடி, அதன்பிறகே நீலம். ஜப்பானின் ஒகினாவாத் தீவில் துணிக்குச் சாயமிடும் பிங்காட்டா முறையிலும் இப்படித்தான் ஓவியத்தை மூடிவிட்டுப் பின்னணிக்குச் சாயமேற்றுவார்கள்.

தொட்டியில் ஒவ்வொரு முக்கலும் ஓரிரு நிமிடம் போதும். அடர்நிறம் வேண்டுமானால் முக்கல்களைக் கூட்டுங்கள், நேரத்தையல்ல. இறகுக் கோடுகள் மிக நுணுக்கமென்றால் நான் தொட்டியையே தவிர்க்கச் சொல்வேன்: நீல நிறமியைச் சோயாப்பாலில் கலந்து, இழுத்துக் கட்டிய துணியில் அகலத் தூரிகையால் பூசலாம்.

காவியைத் துணியில் பிடித்துவைக்கும் சோயாப் புரதம் இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். பிறகு குளிர்ந்த நீரில் ஊறப்போடுங்கள். பசை தானாகக் கழன்று வரும். நகத்தால் சுரண்டினால் காவியும் கூடவே போய்விடும்.