மீன் அமிலம் என்றால் என்ன? காய்கறிச் செடிக்கு எப்படிக் கொடுப்பது?

மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் ஊறவைத்து எடுக்கும் திரவ உரம்தான் மீன் அமிலம். நாகப்பட்டினத்து மத்தியோ காவிரிக் கெண்டையோ, எதுவானாலும் சரி. தலை, செவுள், குடல் போதும்.

மாவடு போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். உப்பைப் போட்டதும் மாவடு தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது அல்லவா? இங்கே அந்த வேலையை வெல்லம் செய்கிறது. மீனிலிருந்து சாறு இறங்கும். நுண்ணுயிர்கள் அதிலுள்ள புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைக்கும். முழுப் புரதத்தை வேரால் உறிஞ்ச முடியாது, உடைந்ததை முடியும். வெல்லத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் மீன் ஊறாது, அழுகும்.

ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம். பிளாஸ்டிக் வாளியில் கால் பங்கு இடம் விட்டு, இறுக மூடி நிழலில் வையுங்கள். மூடிமேல் ஒரு செங்கல்லும் வேண்டும், கொல்லைப் பூனைகள் சும்மா விடாது. மூன்று வாரத்துக்கு மேல் ஆனதும் தேன் நிறத்தில் சாறு நிற்கும், வடிகட்டிக்கொள்ளலாம்.

லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து, வெயில் தாழ்ந்தபின் கத்தரி, வெண்டை, கீரைக்குத் தெளிக்கலாம். கலக்காமல் ஊற்றினால் இலை கருகும். தழைச்சத்து அதிகம் என்பதால் பூ விடும் நேரத்தில் குறைத்துவிடுங்கள்; இல்லையென்றால் இலைதான் மண்டும், காய் இருக்காது.

நாற்றம் குடலைப் பிடுங்கினால்தான் தயார் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் பக்குவமான மீன் அமிலத்தில் பழ வாசனைதான் வரும்.