பாலிகில்கிளைனில் ஒன்றுமில்லையா?

வணக்கம் ஐயா,

அயர்லாந்தில், ராஸ்காமன் மாவட்டத்தில் செவிலியராக இருக்கிறேன். ஸ்ட்ரோக்ஸ்டவுன் பஞ்ச அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள பாலிகில்கிளைனுக்கும் போனேன். வெறும் மேய்ச்சல் நிலம், பார்க்க ஒன்றுமில்லை. பஞ்சத்துக்குப் பலியான அப்பாவிகளை நினைத்து வருந்தினேன். ஸ்ட்ரோக்ஸ்டவுன் நிலக்கிழார் மேஜர் மஹோனைச் சுட்டுக்கொன்றது நியாயமா? அயர்லாந்து வரலாற்றில் முதலில் எதைப் படிக்கலாம்?
எம்.

அன்புள்ள எம்.,

கிடைத்த ஓய்வு நாளில் இப்படியொரு இடத்தைத் தேடிப் போயிருக்கிறீர்கள். அந்த மனம் பெரிது. ஆனால் “பார்க்க ஒன்றுமில்லை” என்று எழுதிவிட்டீர்களே! சில வாரங்களாக அந்த ஊரைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே வீடுகள் இருந்தன. அவற்றை இடித்தார்கள். இடித்தது பஞ்சமல்ல, நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரிட்டிஷ் அரசு.

அயர்லாந்தில் அறுபதாயிரத்துக்கு மேல் டவுன்லேண்டுகள் உண்டு. சில நூறு ஏக்கரும் சில குடும்பங்களும் சேர்ந்தால் ஒன்று. கில்கிளாஸ் என்ற தேவாலயப் பங்கில் இருக்கும் பாலிகில்கிளைன் அரசுக்குச் சொந்தமானது. மஹோன் குடும்பம் அதைக் குத்தகைக்கு வைத்திருந்தது. 1834-இல் குத்தகை முடிந்து நிலம் நேராக அரசின் கைக்கு வந்ததும் குடியானவர்கள் நில வாரம் கட்ட மறுத்தார்கள். பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோய் வந்தது 1845-இல். அதற்குப் பத்தாண்டு முன்பே இவர்கள் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். டப்ளினில் வக்கீல் வைத்தார்கள், மனு மேல் மனு போட்டார்கள். வெளியேற்ற வந்தாலும் அசையவில்லை. கடைசியில் 1847-லும் 48-லும் அரசே கப்பல் கூலி கொடுத்து, லிவர்பூல் வழியாக நியூயார்க்குக்கு அவர்களை அனுப்பிவைத்தது. சில குடும்பங்கள் வெர்மாண்டின் ரட்லண்டில் போய்க் குடியேறின.

இவர்களையா அப்பாவிகள் என்கிறீர்கள்? பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தது உண்மை. அதற்காக அங்கே வாழ்ந்த எல்லோரையும் கையேந்தி நின்றவர்களாகப் பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். தொல்லியலாளர் சார்லஸ் ஓர்சர் அங்கே தோண்டியபோது இங்கிலாந்தில் செய்த நல்ல பீங்கான் தட்டுகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆசைப்பட்டு வாங்கிய தட்டு அது. வாரம் கட்டாத பணத்தில் கொஞ்சம் அந்த வீடுகளின் அலமாரிக்குப் போயிருக்கும் என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மஹோன் கொலையை விடுங்கள். 1847 நவம்பரில் நடந்ததை அன்றிலிருந்து பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1922-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1821 முதல் 1851 வரையான குடிக்கணக்கு ஏடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. மிஞ்சிய வரிப் பட்டியல்களில் பெரும்பாலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். ஒழுங்காக வாரம் கட்டிய எத்தனையோ ஊர்களில் பெண்டு பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாது. பாலிகில்கிளைனில் தெரிகிறது. அரசுக்குத் தொல்லை கொடுத்தார்கள், அதனால் அரசு அவர்களைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தது. மனுக்கள், அரசின் நில ஏஜெண்டின் புகார்கள், கப்பலேறியவர்களின் பட்டியல், எல்லாம் கோப்பில் கிடக்கின்றன. பணிந்துபோன ஊருக்கு இந்த அளவு காகிதம் சேர்ந்திருக்காது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் வாசகர்கள் காதில் வாங்குவதில்லை. எளியவர்களுக்கு வரலாறு கிடையாது என்று பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கோப்பைப் பிரித்துப் பார்க்கச் சோம்பல், வேறென்ன!

இன்னொரு முறை போங்கள். 1830-களில் அளந்த ஆறு அங்குல வரைபடம் (ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டுவது) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வீடுகளைச் சிறு கட்டங்களாகக் குறித்திருப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து, எந்த வீடு எங்கே இருந்தது என்று பாருங்கள். நிலம் இன்று இன்னொருவருடையது, கேட்டுவிட்டு உள்ளே போங்கள். புத்தகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தக் கப்பல் பட்டியலைப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.