வாசகர் கேள்வி: விடுதி அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். விடுதியில் பத்தடிக்குப் பத்தடி அறை. உடன் இன்னொரு மாணவரும் தங்கியிருக்கிறார். மடிக்கணினியில் பாட்டுக் கேட்க 8,000 ரூபாய்க்குள் ஒரு ஸ்பீக்கர் செட் வாங்க எண்ணுகிறேன். கடைக்காரர், பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கென்று சப்வூஃபர் என்ற தனிப் பெட்டியோடு கூடிய 2.1 செட்டைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருக்கிறது. வாங்கலாமா, ஐயா?
- கோவை வாசகர்

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்தப்பட்ட, மேசைமேல் வைக்கக்கூடிய சிறிய ஸ்பீக்கர் ஒரு ஜோடியும், மீதியில் காதை மூடும் ஹெட்போன் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஆயிரக்கணக்கான வாட்டைப் பார்த்துவிடுவோம். அட்டைப்பெட்டியில் எண்ணுக்குப் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகள் இருந்தால், அதைப் படிக்காமலே பெட்டியைத் திருப்பி, ஆர்.எம்.எஸ். என்று எங்கே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். முன்னதை அளப்பதற்குப் பொதுவான முறை எதுவும் கிடையாது. தயாரிப்பவர் மனம்போல எழுதிக்கொள்ளும் எண் அது. பின்னதுதான் கருவி தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல். யு.எஸ்.பி. வயரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சிறு ஸ்பீக்கர்களிலும் இதே எச்சரிக்கை தேவை. சாதாரண யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். அதில் செருகியிருக்கும் ஸ்பீக்கர் தொடர்ந்து 10 வாட் தருகிறது என்றால் மீதி எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரையே கேட்கலாம்.

உங்களுக்கு உண்மையில் எத்தனை வாட் வேண்டும்? ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 84 டெசிபெல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) தரும் சிறிய ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். நிம்மதியாகப் பாட்டுக் கேட்க 75 டெசிபெல் தாராளம். ஆற்றல் பாதியாகும்போது 3 டெசிபெல் குறையும் என்பதால், 9 டெசிபெல் குறைவாக ஒலிக்க ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்கே போதும். மிருதங்கத்தில் ஓர் அழுத்தமான சொல் விழும்போதோ, பல்லவி முடிந்து வாத்தியங்கள் மொத்தமாக எழும்போதோ அதைப்போல நூறு மடங்கு ஆற்றல் ஒரு கணம் தேவைப்படலாம்; அப்போதும் பன்னிரண்டு, பதின்மூன்று வாட்டைத் தாண்டாது. நீங்களோ ஒரு மீட்டர்கூடத் தள்ளி உட்காரப் போவதில்லை. மேசைக்கும் உங்கள் காதுக்கும் இரண்டடிதான் இருக்கும். ஆகவே பக்கத்துக்கு 10 முதல் 20 வாட் ஆர்.எம்.எஸ். இருந்தால், அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பக்கத்து அறைக்காரருக்காகக் கொடுப்பதே.

சப்வூஃபரை நான் தடுப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அறையின் இரு எதிர்ச் சுவர்களுக்கு நடுவே, அந்த நீளத்தைப்போல இரு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலி மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப மோதும். பத்தடி என்பது ஏறக்குறைய மூன்று மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், அந்த மாட்டிக்கொள்ளும் சுருதி 56, 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு, என்ற அளவில் அமைகிறது. சப்வூஃபரின் முழு வேலையும் நடப்பது அந்த வட்டாரத்தில்தான். போதாக்குறைக்கு உங்கள் அறை சதுரம். நீளமும் அகலமும் ஒரே சுருதியில் சேர்ந்து அதிரும். சுவரோரம் கட்டிலில் சாய்ந்திருப்பவருக்கு மண்டை கனக்கும் அளவுக்கு பேஸ் கேட்கும். அறை நடுவில் நிற்பவருக்கு அதே சுருதி ஏறத்தாழக் காணாமற்போகும். இதை எந்தக் குமிழைத் திருகியும் சரிசெய்ய முடியாது.

நானும் ஒரு காலத்தில் விடுதியில் 2.1 செட் வைத்திருந்தவன்தான். வூஃபர் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில், தரையில், மூலையில் வைத்திருந்தேன். பேஸைப் பெருக்க அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. மூன்றாம் நாள் கீழ்த்தளத்து மாணவர் ஏறி வந்து, "அண்ணா, பாட்டு எதுவும் கேக்கல, டும் டும்னு மட்டும் கேக்குது, படிக்க முடியல" என்றார். தாழ்ந்த சுருதி தளம் வழியாக இறங்கிவிடுகிறது. மேல் சுருதிகள் கதவோடு நின்றுவிடுகின்றன. எங்கள் அறையின் இரும்பு பீரோ வேறு, குறிப்பிட்ட சில ஸ்வரங்களுக்கு மட்டும் கிடுகிடுவென ஆடும். செய்தித்தாளை நான்காக மடித்து அதன் கதவிடுக்கில் செருகியிருந்தேன்.

சப்வூஃபர் இல்லாவிட்டால் பேஸே கேட்காதோ என்று கவலைப்பட வேண்டாம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார சட்ஜம் 130 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கிறது. தாழ்ந்த ஒலியைத் தரும் வூஃபர் நான்கு அங்குலம் கொண்ட நல்ல சிறிய ஸ்பீக்கர் 70 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேர்மையாகவே ஒலிக்கும். திரையிசையில் பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்பது உண்மைதான். அந்தக் கடைசிப் படிகள் மட்டும் மெலிந்து கேட்கும். இரண்டு பேர் தங்கும் அறையில் அதை இழப்பு என்று நான் நினைக்கவில்லை.

வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். பல ஸ்பீக்கர்களில் காற்றுப் போக ஒரு துளை பின்னால் இருக்கும். விடுதி மேசைகள் எல்லாம் சுவரோடு ஒட்டிக் கிடப்பதால், துளை முன்பக்கம் உள்ளதாகவோ துளையே இல்லாததாகவோ கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால், ஒரு பழைய காலுறையைச் சுருட்டிப் பின்துளைக்குள் செருகினால், சுவரில் பட்டுப் பெருகும் பேஸின் கொழகொழப்பு அடங்கும். ஸ்பீக்கர்கள் இரண்டும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணமாக அமையும்படி வையுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டடி போதும். மேல் சுருதிகளை ஒலிக்கும் சிறிய வட்டமான ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரவேண்டும். அதற்கென்று ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை. தடித்த பாடப்புத்தகம் எதற்கு இருக்கிறது?

ஹெட்போனை மிச்சப் பணத்துக்கான பொருளாக எண்ணாதீர்கள். அறைத்தோழர் தூங்கும் நேரமே உங்களுக்குப் பாட்டுக் கேட்க வாய்க்கும் நேரமாக இருக்கும். வெளியே ஒலி கசியாத, பின்புறம் மூடிய வகையையே எடுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பு வகுத்திருக்கும் வரம்பு. அதுவே 90 டெசிபெல் ஆனால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான்.

கேள்வி: மடிக்கணினிக்கு சார்ஜர் போட்டவுடன் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று இரைச்சல் வருகிறது. ஸ்பீக்கர் பழுதா?
- திருநெல்வேலி வாசகி

பதில்: சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் ஸ்பீக்கரில் குறையில்லை. சார்ஜர் வழியாக வரும் சிறு மின்னோட்டம் ஆடியோ வயரின் உறைக்கம்பியில் ஏறி ஸ்பீக்கருக்குப் போகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல நேரம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஆடியோ வயரின் நடுவில் மாட்டக்கூடிய கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. புளூடூத்தில் கேட்டாலும் இந்த இரைச்சல் ஸ்பீக்கருக்கு வர வழியில்லை. சிலர் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை மட்டும் உடைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்பார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்த முள் உங்கள் உயிருக்காக இருக்கிறது.

கேள்வி: புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் கேம் விளையாடும்போது சுட்ட பிறகே சத்தம் வருகிறது. ஏன்?
- மதுரை வாசகர்

பதில்: ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிப்பதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கழிந்துவிடுகிறது. காணொளிச் செயலிகள் பல படத்தை அதற்கேற்பத் தாமதப்படுத்திக் காட்டுவதால் அங்கே தெரிவதில்லை. விளையாட்டில் அப்படித் தாமதப்படுத்த முடியாது. உங்கள் ஸ்பீக்கரில் 3.5 மி.மீ. துளை இருந்தால் விளையாடும்போது மட்டும் ஆக்ஸ் வயரைச் செருகிக்கொள்ளுங்கள்.