ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் போதாதா?

கேள்வி: நெல்லுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றையும் வைத்து ஆய்வு செய்கிறேன். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைப்பதுதானே சரியான முறை? என் வழிகாட்டி ‘ஆர்த்தோகனல் டிசைன்’ போடச் சொல்கிறார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று எப்படித் தெரியும்?
– வேளாண் முதுகலை மாணவி, கோவை

பதில்: பள்ளிக்கூடத்தில் நம் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால், இயற்கையிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும் என்ற எண்ணம் முழுக்கத் தவறு என்று புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1926-லேயே எழுதிவிட்டார், அதுவும் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் உரச் சோதனைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில்.

வயலுக்குப் போகும் முன் தராசுக்கு வாருங்கள். ஃபிராங்க் யேட்ஸ் என்ற புள்ளியியலாளர் 1935-இல் எடுத்துக்காட்டிய எடைக் கணக்கை இன்னொரு புள்ளியியலாளர் ஹெரால்ட் ஹோட்டலிங் 1944-இல் இன்னும் கூர்மையாக்கினார். ரெண்டு தட்டுத் தராசு ஒன்று, நிறுக்க வேண்டிய பொருள்கள் நான்கு: அ, ஆ, இ, ஈ. தராசில் ஒவ்வொரு முறையும் 20 மில்லிகிராம் திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவீடு) அளவுக்குப் பிழை வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றாக நிறுத்தால் நான்கு நிறுவை, ஒவ்வொரு எடையிலும் அதே 20 மில்லிகிராம் பிழை.

இப்போது அதே நான்கு நிறுவையை வேறு மாதிரி செய்யுங்கள். முதலில் நான்கையும் இடது தட்டில் வையுங்கள். அடுத்து அ, ஆ இடதில், இ, ஈ வலதில். மூன்றாவது தடவை அ, இ இடதில், மற்ற இரண்டும் வலதில். கடைசியாக அ, ஈ இடதில், ஆ, இ வலதில். ஒவ்வொரு முறையும் தட்டைச் சமன் செய்ய இடதுபக்கம் எவ்வளவு கூடுதல் என்று குறித்துக்கொள்ளுங்கள், வலது கனமாக இருந்தால் கழித்தல் குறி போடுங்கள். நான்கு எண்களையும் கூட்டினால் ஆ, இ, ஈ மூன்றும் தாமாகவே அடிபட்டுப் போய், அ-வின் எடை நான்கு மடங்காக நிற்கும். நான்கால் வகுத்தால் அ. முதல் இரண்டைக் கூட்டிக் கடைசி இரண்டைக் கழித்து நான்கால் வகுத்தால் ஆ. நான்கு பிழைகளும் சராசரியாகிவிடுவதால் ஒவ்வொரு எடையிலும் பிழை 20-லிருந்து 10 மில்லிகிராமாகக் குறைகிறது. ஒவ்வொன்றாக நிறுத்து இந்தத் துல்லியத்துக்கு வர 16 நிறுவை வேண்டும்! முதன்முதலில் இதைப் பேப்பரில் போட்டுப் பார்த்தபோது எனக்கு வந்த பூரிப்பு இன்னும் குறையவில்லை.

இது ஏன் நடக்கிறது? இடது தட்டுக்கு +1, வலதுக்கு −1 என்று எழுதினால் ஆ-வுக்கு +, +, −, − என்றும் இ-க்கு +, −, +, − என்றும் வரும். வரிசையாகப் பெருக்கிக் கூட்டுங்கள்: 1 − 1 − 1 + 1, அதாவது 0. எந்த இரண்டு பொருளை எடுத்தாலும் இதே 0. உங்கள் வழிகாட்டி சொன்ன ‘ஆர்த்தோகனல்’, அதாவது செங்குத்து, என்பது இவ்வளவுதான்.

சரி, உங்கள் வயல். மூன்று சத்துக்கும் ‘உண்டு, இல்லை’ என்று இரண்டு நிலை, ஆக எட்டுப் பாத்தி. தழைச்சத்தின் விளைவைப் பார்க்க, அது போட்ட நான்கு பாத்திக்கும் போடாத நான்குக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கிறீர்கள். இரண்டு பக்கத்திலும் மணிச்சத்து உள்ள பாத்தி இரண்டு, இல்லாதது இரண்டு, சாம்பல்சத்தும் அப்படியே. அதனால் அவை குறுக்கே வரவில்லை. அதே எட்டுப் பாத்திதான் மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறது. ஒவ்வொன்றாக மாற்றும் வழியில் இதே துல்லியத்துக்கு, எதுவும் போடாத நான்கு, ஒவ்வொரு சத்துக்கும் நான்கு என்று 16 பாத்தி வேண்டும். அப்போதும், தழைச்சத்து மணிச்சத்தோடு சேரும்போது வேறு மாதிரி வேலை செய்கிறதா என்ற முக்கியமான கேள்விக்குப் பதில் கிடைக்காது.

கேள்வி: அப்படியானால் செங்குத்து வடிவமைப்பில் காரணிகள் ஒன்றையொன்று பாதிக்காது என்று அர்த்தமா?
– அதே மாணவி

பதில்: இல்லை. பல ஆய்வேடுகளில் இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். செங்குத்து என்பது நீங்கள் பாத்திகளை அமைத்த விதத்தின் குணம், மண்ணுக்கும் பயிருக்கும் அதைப் பற்றி எதுவும் தெரியாது. சத்துகள் ஒன்றோடொன்று தாராளமாகக் கூடி வேலை செய்யலாம். எட்டுப் பாத்தி முழுவதையும் போட்டிருந்தால் அந்தக் கூட்டு விளைவையும் தனியே பிரித்து எடுக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: எட்டே சோதனையில் ஏழு காரணிகளைப் பார்க்கலாம் என்கிறார்களே, நம்பலாமா?
– தொழிற்சாலைப் பொறியாளர், ஓசூர்

பதில்: பார்க்கலாம். முழுதாகச் செய்தால் 128 சோதனை, அதில் எட்டை மட்டும் பொறுக்கி எடுத்தாலும் ஏழு காரணிகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். இத்தகைய அட்டவணைகளுக்கான பொதுக் கோட்பாட்டை 1940-களில் வகுத்தவர் நம் புள்ளியியல் அறிஞர் சி.ஆர்.ராவ். பின்னாளில் ஜப்பானியப் பொறியாளர் டகுச்சி அவற்றைத் தொழிற்சாலைகளில் பரப்பினார். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு காரணியின் விளைவோடும் மூன்று கூட்டு விளைவுகள் ஒட்டிக்கொண்டு வரும், பிரிக்க முடியாது. எது முக்கியம் என்று வடிகட்ட மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். தேறியவற்றை மறுபடி தனியாகச் சோதித்த பிறகு முடிவு சொல்லுங்கள்.

கேள்வி: 24 பாத்தி போட்டேன், ஒன்றை மாடு மேய்ந்துவிட்டது. அதற்குப் பூஜ்யம் போடலாமா?
– ஆய்வு மாணவர், மதுரை

பதில்: போடாதீர்கள். மாடு தின்றதை உரத்தின் தலையில் கட்டியதாகிவிடும். அந்தப் பாத்தியை விட்டுவிட்டு மீதி 23-க்கும் மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி) கணக்குப் போடுங்கள். ஆனால் சமநிலை குலைந்துவிட்டது என்பதை மறக்காதீர்கள். ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் வழக்கமான பரவற்படிப் பகுப்பாய்வு (அனோவா) அட்டவணையில் தழைச்சத்தை முதலில் எழுதி ஒரு தடவை, கடைசியில் எழுதி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். 24-ம் இருந்தபோது மாறாத எண் இப்போது மாறும். அந்த வித்தியாசம் சின்னதாக இருந்தால் நிம்மதி. பெரிதாக இருந்தால் இரண்டு எண்களையும், எந்தப் பாத்தி எப்போது எதனால் போனது என்பதையும் ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.