ஒரே டிகிரி, ஒரே மார்க், ஆனா 20 வருஷத்துல ரெண்டு பேருக்கும் ஏன் இவ்ளோ இடைவெளி?

நம்ம டெல்டாக்காரங்களுக்கு இது கண்ணுக்கு முன்னாடியே இருக்குங்க. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்தாலும் கல்லணை பக்கத்துல, தண்ணி முதல்ல வர்ற தலைமடைக்காரர் குறுவைய நட்டுடுவாரு, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம், தண்ணி கடைசியா வர்ற கடைமடைல வாரக்கணக்குல காத்திருக்கணும், குறுவை போயிடும், சம்பாவும் லேட்டாகி இளம் பயிரா இருக்கறப்பவே ஐப்பசி கார்த்திகை மழைல மூழ்கும், அப்புறம் கடன், அடுத்த வருஷம் விதைக்கே கைல காசு இருக்காது. உழைப்பு ஒண்ணுதான், தண்ணி வந்த நாள்தான் வேற.

வேலையும் இப்படித்தான். ஒருத்தர் 20,000ல சேர்றாரு, இன்னொருத்தர் வீட்டு கஷ்டத்துக்காக கெடச்ச வேலைக்கு 15,000ல போறாரு. ரெண்டு பேருக்கும் வருஷம் 8 சதவீதம்தான் இன்க்ரிமென்ட்னு வச்சுக்கோங்க, 20 வருஷம் கழிச்சு ஒருத்தருக்கு சுமார் 93,000, இன்னொருத்தருக்கு 70,000. 5,000 வித்தியாசம் 23,000 ஆயிடுச்சு, யாரும் தப்பு பண்ணல. முழு சம்பளத்துக்கும் பிஎஃப் புடிச்சா அதுவும் அதே கணக்குலதான் சேரும்.

சம்பளத்த விட பெருசு வாய்ப்புதான்னு நான் நெனைக்கிறேன். முதல்ல நல்ல ப்ராஜெக்ட் கெடச்சவருக்கே அடுத்ததும் போகும், ஏன்னா "அனுபவம் இருக்கு"ல்ல. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968லயே விஞ்ஞானிகள்கிட்ட இத காட்டி மேத்யூ விளைவுன்னு பேர் வச்சாரு, ஒரே மாதிரி வேலைக்கும் ஏற்கனவே பேர் வாங்கினவருக்குத்தான் அதிக பாராட்டு.

அதனால பின்தங்கினவங்கள சோம்பேறின்னு சொல்றது எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. வேலை மாறும்போது பழைய சம்பளத்த கேட்டு அதுமேல கொஞ்சம் கூட்டித் தர்ற வழக்கம் இருக்கே, அது அந்த முதல் வருஷத்து பள்ளத்த அடுத்த கம்பெனிக்கும் தூக்கிட்டு போகுது. அந்த வேலைக்கு மார்க்கெட்ல என்ன ரேட்டோ அதையே கேளுங்க.