ஏ.சி. ஒன்று சொல்ல, செயலி வேறொன்று சொன்னால்

கேள்வி: ராயபுரத்தில் மாடி வீடு. இன்வெர்ட்டர் ஏ.சி. நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. செல்பேசியிலிருந்தே இயக்கலாம் என்று என் மகன் ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கிவந்து ஏ.சி.க்கு நேர் எதிரே சுவரில் ஒட்டினான். அன்று பிடித்தது தொல்லை. 25 டிகிரி வைத்தாலும் நள்ளிரவில் புழுங்குகிறது. மின்சாரம் போய் வந்தால் ஏ.சி. ஓடுகிறது, செயலியோ ‘அணைந்திருக்கிறது’ என்கிறது. சில சமயம் இணைப்பே வருவதில்லை. கடைக்காரர் ஏ.சி. மெக்கானிக்கைக் கேட்கச் சொல்கிறார், மெக்கானிக் கடைக்காரரைக் கேட்கச் சொல்கிறார். யாரைப் பிடிப்பது? – வாசகி, ராயபுரம்

பதில்: யாரையும் பிடிப்பதற்கு முன் அந்தத் தெர்மோஸ்டாட் பெட்டியின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பழைய ரிமோட்டில் 25 வைத்து ஓரிரு இரவு தூங்கிப் பாருங்கள், அம்மா. அப்போதும் புழுங்கினால் குறை ஏ.சி.யில்தான். கடலோரத்து உப்புக் காற்று வெளி யூனிட்டின் தகடுகளை அரிக்கும். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கிளப்பும் புழுதி வடிகட்டியை அடைக்கும். உங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. புழுக்கம் நின்றுவிட்டால் மெக்கானிக்கை விட்டுவிடலாம்.

நின்றுவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெர்மோஸ்டாட் என்று பெயர் போட்டு விற்றாலும், சுவரில் ஒட்டும் இந்தப் பெட்டிக்குள் இருப்பது வை-ஃபை பொருத்திய ஒரு ரிமோட்டும் சிறிய வெப்பநிலை சென்சாரும்தான். ஏ.சி.யோடு கம்பித் தொடர்பு கிடையாது. அகச்சிவப்புக் கதிரில் கட்டளையை அனுப்பும். அது போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தானே தொடங்கும் வசதி பல ஏ.சி.க்களில் உண்டு. பெட்டியும் அப்போதுதான் கண் விழிக்கிறது, ஏ.சி.யைக் கேட்டுப் பார்க்க வழி இல்லாததால் அணைந்திருப்பதாக அதுவாகவே எழுதிக்கொள்கிறது. செயலியில் ஒருமுறை ‘இயக்கு’ என்று அழுத்தினால் பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். வீட்டில் யாராவது பழைய ரிமோட்டைத் தொட்டாலும் இதே குழப்பம் வரலாம்.

இனிப் புழுக்கம். ஏ.சி.க்கு நேர் எதிரே ஒட்டியது தவறான இடம். குளிர்காற்று நேராகப் பெட்டியின் மேல் அடிக்கிறது; கட்டில் பக்கம் இன்னும் 28 இருக்கும்போதே அது 25 வந்துவிட்டதாக நம்பி ஏ.சி.யை அணைத்துவிடுகிறது. காற்று நேரே படாத, மேற்கு வெயிலில் காயாத சுவரில், கட்டில் உயரத்தை ஒட்டி, ஏ.சி. கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து மாற்றுங்கள். பக்கத்தில் சாதாரண அறை வெப்பமானி ஒன்றை அரை மணி நேரம் வைத்து இரண்டும் காட்டும் எண்களை ஒப்பிடுங்கள். ஒன்று ஒன்றரை டிகிரி வேறுபட்டால், செயலியில் அதைத் திருத்தும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொன்றைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. இன்வெர்ட்டர் ஏ.சி.யின் சிறப்பே அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுவதுதான். வெளியிலிருந்து ஒரு பெட்டி அதை அணைத்து அணைத்துப் போட்டால், கூடுதல் காசு கொடுத்து வாங்கிய அந்தச் சிறப்பு பாழ். சென்னைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதும் ஓடும் கம்ப்ரசர்தான். அது நின்றால் ஈரம் மறுபடி ஏறும், எண் 25 காட்டினாலும் உடம்பு கசகசக்கும். ஆகவே செயலியில் தானாக அணைக்கும் ஏற்பாட்டை நீக்கிவிட்டு, ஏ.சி.யில் 25 வைத்து விட்டுவிடுங்கள். எத்தனை மணிக்குப் போடுவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்ற வேலைக்கு மட்டும் பெட்டி போதும். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. அந்த மிச்சத்துக்குப் பழைய ரிமோட்டே போதும் என்பேன். மகனிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இணைப்பு வராததற்குப் பெரும்பாலும் ரௌட்டர்தான் காரணம். இவ்வகைக் கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே சேரும். உங்கள் ரௌட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகிறதென்றால் பெயரைப் பிரித்து வைத்து, பெட்டியை 2.4-இல் சேருங்கள். மின்சாரம் வந்த பிறகு ரௌட்டரின் விளக்குகள் நிலைக்கும் வரை பொறுத்து, பெட்டியை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சரிவராவிட்டால், பிடிக்க வேண்டியவர் விற்ற கடைக்காரர். செயலி காட்டுவதையும் ஏ.சி. முகப்பு காட்டுவதையும் ஒரே படத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் அங்கே வாங்கிய தெர்மோஸ்டாட்டைக் கொண்டுவந்திருக்கிறாள். எங்கள் வீட்டு ஸ்பிலிட் ஏ.சி.யில் மாட்ட எலெக்ட்ரீஷியன் மறுக்கிறார். – வாசகர், பெரம்பூர்

பதில்: அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். அங்கே பெரும்பாலும் வீடு முழுவதற்கும் ஒரே குளிரூட்டி, ஒரே வெப்பமூட்டி. சுவரிலிருந்து வரும் 24 வோல்ட் கம்பிகளில்தான் தெர்மோஸ்டாட்டை மாட்டுவார்கள். நம் ஸ்பிலிட் ஏ.சி.யில் அந்தக் கம்பிகளே இல்லை. 230 வோல்ட்டில் கொடுத்தால் கருகிவிடும். மகள் திரும்பும்போது கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: பாரிமுனையில் ஒரு சிறு கடையில், செல்பேசியிலிருந்தே இயக்கும் ஸ்மார்ட் பிளக் வாங்கினேன். பில் தரவில்லை. பத்தாம் நாள் செத்துவிட்டது. புகார் எடுபடுமா? – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: எடுபடும். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். செல்பேசியில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு உங்களுக்குச் சான்று. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அசையாவிட்டால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிளக்கையும் அது வந்த அட்டைப் பெட்டியையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒன்று கேட்க மறந்தேன்: அந்தப் பிளக்கில் ஏ.சி.யையோ கீசரையோ மாட்டியிருந்தீர்களா? அதன் மேல் 10 ஆம்பியர் என்றுதான் எழுதியிருக்கிறது என்றால், அந்தச் சுமை தாங்காமல் செத்திருக்கலாம்; கடைக்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.